ஈரமில்லாத சுவர்

விற்பனைக்கு வரும் கட்டடத்தின் பழுதுச் செலவை இப்போது வங்கி தரும் கணிப்பான் என்ற கைக்கருவிதான் போடுகிறது. சுவரைப் பார்க்கும், வாங்குபவருக்குக் கடன் எவ்வளவு என்று சொல்லும். ஒரு வீடு ஒழுகினால் கடன் குறையும். பழுது பார்க்கக் குடியிருப்பவரும் காலி செய்ய வேண்டும். அதனால் பெரம்பூரில் இப்போதெல்லாம் எந்த வீடும் ஒழுகுவதில்லை.

பழைய அடுக்குமாடி ஒன்றை விலைபேசியிருந்த தொழிலதிபர் தனசீலன், கணிப்பானோடு வீடு வீடாக ஏறினார். "நான் செங்கல்லோடு பேசுகிறவன்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டார். எல்லோரும், "ஒரு குறையும் இல்ல சார்" என்றார்கள். அவருக்குச் சந்தேகம் தட்டியது. குறை சொல்லாத வாடகைக்காரர் உலகத்தில் உண்டா?

கடைசி வீட்டில் ரமீஜா சமையலறைச் சுவரில் சாய்ந்தபடியே வரவேற்றார்.

"கொஞ்சம் நகருங்கம்மா."

"இடுப்புப் பிடிப்பு சார். சாஞ்சாத்தான் நிக்க முடியும்."

"இப்பத்தானே குடத்தோட மாடியேறிப் போனீங்க?"

"அதுலதான் பிடிச்சுக்கிச்சு."

கணிப்பான் அவரையும் சேர்த்தே சுவராகப் பார்த்தது. "கட்டடத்திலேயே சிறந்த சுவர். ஈரமில்லை, இதமான சூடு. முழுக் கடன் தரலாம். இந்த வீட்டுக்கு வாடகையை உயர்த்தலாம்."

"வாடகையா?" ரமீஜா பதறி முன்னால் வந்தார். முதுகுப் பக்கம் சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

தனசீலன் கணிப்பானைச் சட்டென்று சட்டைப்பைக்குள் போட்டார். கீழே, கடனுக்குமுன் வீடுகளை நேரில் பார்க்க வரும் வங்கி அதிகாரியின் கார் வந்து நின்றது.

"வாடகையை ஏத்தலம்மா. பழையபடி போய்ச் சாஞ்சுக்குங்க," என்றவர், சுவரை மேலும் கீழும் பார்த்தார். "ஈரம் அகலமா இருக்கே. தள்ளி நில்லுங்க, நானும் வர்றேன்."