பிழை வகுப்பு

பதினைந்து வயதில் செய்யக்கூடிய தவறுகளையெல்லாம் கனவிலேயே செய்து முடித்துவிடட்டும் என்று பள்ளிக்கூடமே பிள்ளைகளுக்குத் தலையணை கொடுக்கிறது. இன்று காலை ஜெனிட்டா அதிலிருந்து எழுந்தபோது உதடு உப்புக் கரித்தது.

கனவில், தம்பி ரிஜோவைக் கடற்கரையில் அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அவள் தோழியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது மணலில் அவனுடைய மஞ்சள் வாளி மட்டும் இருந்தது.

"பாஸாயிட்டடி! தொண்ணூத்தாறு மார்க்கு," என்றாள் அம்மா, தலையணையைப் புரட்டி அடியில் தெரிந்த மதிப்பெண்ணைப் பார்த்து.

ஜெனிட்டா ஓடிப்போய், இட்லி தின்றுகொண்டிருந்த ரிஜோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதுக்கா, விடு."

விடாமலே கனவைச் சொன்னாள். ஆறு வயதுக்காரன் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"நான் உன்னயக் கூப்பிட்டேனா?"

"கூப்பிட்ட."

"நீ வந்தியா?"

கனவுக்குச் சாட்சி கிடையாது. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

"வரலடா."

ரிஜோ எழுந்து கை கழுவினான். கதவுக்குப் பின்னாலிருந்த மஞ்சள் வாளியை எடுத்து வந்து அவளிடம் நீட்டினான்.

"அப்ப இன்னைக்கு வா."

தானும் அவர்களோடு கடற்கரைக்குப் போக எழுந்து செருப்பை மாட்டிய அம்மா, என்ன நினைத்தாளோ, கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.