பனி விலகட்டும்

"வாங்க, போயிடலாம். இந்தப் பனியில எந்தப் பூதத்தைப் படம் எடுக்கப் போறீங்க?"

அரண்மனையின் மேல்மாடத்தில் கால் வைத்ததிலிருந்து மனைவி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். போட்டோக்காரருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"பனியை எடுக்கத்தான் வந்தேன். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு நில்லு."

"அதுக்கு வீட்டுல ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்திருக்கலாமே. இவ்வளவு படி ஏறி முட்டி கழண்டதுதான் மிச்சம்."

அவர் சுவரோரமாக நின்று கேமராவைக் கடலை நோக்கித் திருப்பினார். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணுக்கு எட்டியதெல்லாம் வெள்ளை. கரை எது, கடல் எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் மணமக்களை மங்கலாக்கி, பின்னால் நின்ற தூணைப் பளிச்சென்று எடுத்துக் கொடுத்துவிட்டார். "தூணுக்கா கல்யாணம்?" என்று பெண்ணின் அப்பா நாலு பேருக்கு முன்னால் கேட்டார். அதற்குப் பிறகுதான் கண்ணில் ஆபரேஷன். போகப் போகத் தெளியும் என்று டாக்டர் சொன்னதாக மனைவிதான் வெளியே வந்து சொன்னாள். ஸ்டுடியோ பூட்டியே கிடந்தது. கட்டட முதலாளி சாவியைக் கேட்டு ஆள் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

அவர் தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். இந்த மாடத்திலிருந்து பார்த்தால் கடலுக்குள் ஆமை முதுகு மாதிரி ஒரு பாறை தெரியும். பனி விலகும்போது அது மெல்லத் தலை நீட்டும். அது கண்ணில் பட்டுவிட்டால் நாளைக்கே கடையைத் திறப்பது. படாவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுவது. காலையில் புறப்படும்போது மனைவியிடமும் இதைச் சொல்லியிருந்தார்.

"கப்பல் வருதான்னு பார்க்க ராஜா கட்டின மாடம் இது, தெரியுமில்ல?"

"அந்த ராஜாவும் இந்த மாதிரி நாள்ல இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கியிருப்பாரு. வாங்கங்க. இன்னொரு நாள் வரலாம்."

"பனி விலகட்டும்."

"விலகாது. நான் சொல்றேன்ல."

"நீ என்ன வானிலை ஆபீசரா?"

அவள் அவருடைய குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டாள். மஃப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "கண்ணுக்குக் காத்து ஆகாது" என்று காலையிலிருந்து இந்தக் கெடுபிடி வேறு.

நேரம் போனது. வெள்ளை அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் நின்ற மனைவியே ஒரு நிழலாகத்தான் தெரிந்தாள். அவ்வளவு பனி.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. காவலாளி.

"என்ன சார், கேமராவும் கையுமா! யோகக்காரர்தான் நீங்க. இன்னிக்குக் கடல்..."

மனைவி விடுவிடுவென்று அவனிடம் போனாள். கிசுகிசுவென்று என்னமோ பேச்சு. போட்டோக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்க என்ன என்னைப் பத்திக் கோள் மூட்டுற?"

"கோளும் இல்ல, தேளும் இல்ல. எப்ப மூடுவாங்கன்னு கேட்டேன்."

"என்னைக் கிளப்புறதுலேயே இரு!"

காவலாளி தொண்டையைச் செருமினான். "அது... கடல் ஒண்ணும் தெரியல சார். சரியான பனி. கையை நீட்டினா எனக்கே என் கை தெரியல."

போட்டோக்காரர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"கேட்டியா? காவல்காரருக்கே தெரியலையாம். என் கண்ணுல ஒரு குத்தமும் இல்ல."

"நான் எப்பங்க குத்தம்னு சொன்னேன்?" என்றாள் அவள். காவலாளி வந்த வழியே இறங்கிப் போனான்.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வந்ததுக்கு வெறும் பனியையாவது எடுத்துட்டுப் போவோம். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கணும். இல்லேன்னா வெள்ளையெல்லாம் சாம்பலா விழும்." விரலாலேயே தடவித் திருகினார். கிளிக்.

"எப்படி வந்திருக்கு? பார்த்துச் சொல்லு."

அவள் கேமராத் திரையைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"வெள்ளையா இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

"லென்ஸ்ல ஈரம் கோத்திருக்கும். இரு, துடைச்சிட்டு எடுக்கிறேன்."

பையிலிருந்து துணியை எடுத்துத் துடைத்தார். துணியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார். மறுபடி தேய்த்தார்.

இத்தனை நேரம் பனியில் நின்ற லென்ஸ் சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும். துணியில் ஒரு பொட்டு ஈரமில்லை. கேமராவின் கறுப்பு உடம்பு, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது.

அவர் அசையாமல் நின்றார். கீழே அலை வந்து வந்து உடைந்துகொண்டிருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல." கேமராவைப் பையில் வைத்து மூடினார். "போற வழியில கட்டடக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்துடலாம்."

அவள் பதறிப்போனாள். "ஏன் திடீர்னு? பனியாலதானே பாறை தெரியல. இன்னொரு நாள் வந்து பார்த்துக்கலாம்."

அவர் கையை நீட்டி, துழாவி, அவள் கன்னத்தைத் தொட்டார். விரல் நனைந்தது.

"ஆமா, பனிதான்" என்றார். "என் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கு. உனக்கும் படி தெரியாதுல்ல."