இன்னொரு சாவி

பொத்தானை எத்தனை தரம் அமுக்கியும் கார் கிளம்பவில்லை. சாவியைக் காணோம் என்று திரையில் எழுத்து மினுங்கியது. "கையிலதான வச்சிருக்கேன்!" என்று ஜெசிந்தா காரிடமே சண்டை பிடித்தாள்.

வந்த மெக்கானிக் அவள் சாவியைப் பிளந்தான். உள்ளே பட்டன் பேட்டரி களிம்பேறிக் கிடந்தது.

"இது செத்து மாசக்கணக்காச்சுக்கா. கதவ மட்டும் இதுக்குள்ள இருக்குற இரும்புச் சாவியப் போட்டுத் தொறந்து பூட்டியிருப்பீங்க. இன்னொரு சாவி வண்டிக்குள்ளயே எங்கயோ விழுந்து கெடக்கு. சாவி உள்ள இருந்தாலே வண்டி கெளம்பிரும்; இத்தன நாளும் அதுலதான் ஓடியிருக்கு, இன்னிக்கு அதுவும் படுத்துருச்சு. சாவிய உள்ள விட்டுட்டு எறங்கிப் பூட்டுறப்போல்லாம் வண்டி பீப் பீப்புன்னு கத்தியிருக்குமே?"

கத்தியது. கணவன் மரியதாஸை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து, அவள் இறங்கிப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து கத்தியது. பழைய வண்டி, ஏதோ கோளாறு என்று திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறாள். அவனுடைய சாவிக்காக வீட்டில் அவன் சட்டைப் பைகளையெல்லாம் துழாவி ஓய்ந்ததும் அதே நாட்களில்தான்.

மெக்கானிக் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கைவிட்டு அதை எடுத்தான். மாதா படம் போட்ட வளையம்; மரியதாஸின் சாவிதான்.

"ரெண்டுக்கும் பேட்டரி போட்டுரவாக்கா?"

"என்னுத விடு தம்பி. இதுக்கு மட்டும் போட்டு, கெடந்த எடத்துலயே வச்சிரு."