எழுபது படி

தையல்காரர் வீட்டு ஃபிரிட்ஜில் வெளிநாட்டு ஊர்ப் படம் போட்ட இருபத்து மூன்று காந்தங்கள் ஒட்டியிருந்தன. விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை வாயைப் பிளந்தார்.

"இத்தனை நாட்டுக்கும் போயிருக்கீங்களா, மாமா?"

"நான் எங்க போனேன்? என் கூடப் படிச்சவன் கப்பல்ல சமையல்காரன். துறைமுகத்துக்கு ஒண்ணுன்னு அனுப்பிடுவான்."

"இவருக்குத் தெருமுனைக்குப் போகவே சோம்பல்" என்றாள் மனைவி.

செல்போன் அடித்தது. தையல்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

"காந்தம் வந்துச்சாடா?"

"வந்துச்சு. மணிக்கூண்டு படம்." அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "துறைமுக வாசல்ல இடது பக்கம் திரும்பு. மீன் சந்தை வரும், மூக்கைப் பொத்திக்கோ. அதைத் தாண்டினா எழுபது படி. மெதுவா ஏறு."

"ஊரைச் சுத்திப் பார்த்தவருக்கே வழி சொல்றீங்களே?" என்று மாப்பிள்ளை கிசுகிசுத்தார்.

தையல்காரர் போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"அவன் எங்க பார்த்தான்? கப்பல் கரையில நிக்கிறதே ஒரு பொழுதுதான். முப்பது பேருக்கு அவன் ஒருத்தன்தான் சமைக்கணும், அடுப்படியை விட்டு நகர முடியாது. காந்தமே, இறங்கிப் போறவங்க யாராவது வாங்கிட்டு வர்றது. அது வந்ததும் நான் செல்போன் மேப்புல அந்த ஊரைத் தெருத்தெருவாப் பார்த்து எழுதி வச்சுக்குவேன். நான் வழி சொல்லச் சொல்ல, அவன் அடுப்படியில நின்னுக்கிட்டே நடப்பான்."

போனில் பெருமூச்சு கேட்டது.

"ஏறிட்டேன்டா. மூச்சு வாங்குது. கொஞ்சம் உக்காந்துட்டுப் போகலாமா?"

தையல்காரர் நோட்டில் விரலை ஓட்டித் தேடினார். அதற்குள் சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"வலது பக்கம் மரத்தடியில பெஞ்சு இருக்குண்ணே. அங்க உக்காருங்க."