ஆள் வருது

மலர்க் கண்காட்சிக்குப் புறப்பட்ட சுற்றுலாப் பேருந்தில் முதல் ஆளாக ஏறிய குணவதி, ஜன்னலோர இருக்கையில் கணவரின் பழைய துண்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு இடம் பிடித்தே பழகிய கை. அவர் போய் ஒரு வருஷமாகிறது என்பது துண்டு விழுந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் ஒரு பெண் வந்து, "இங்க யாராச்சும் வராங்களா?" என்றாள். "ஆள் வருது" என்று வாய் முந்திக்கொண்டது. சொன்னதை மாற்றக் கூச்சமாக இருந்தது. அந்தப் பெண் பின் இருக்கைக்குப் போய்விட்டாள். துண்டு மலை ஏறியது.

"பூவைப் பாக்கவா பஸ் ஏறுவாங்க?" என்று ஆயுசு முழுக்கத் தடுத்தவர் அவர். அதனாலேயே மேலே அவள் ஆசை தீர நின்றாள். ரோஜாக்களால் செய்த மயிலை மூன்று தடவை சுற்றி வந்து பார்த்தாள். ஐஸ்கிரீம் முழங்கை வரை வழிந்தது. நேரமாச்சு, கிளம்பு என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பும்போது ஜன்னலோரம் தானே உட்காருவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஏறினாள். துண்டை எடுத்தாள். முகம் துடைத்துப் போட்டதுபோல் ஈரமாக இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பேருந்து மலையிறங்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து அந்தப் பெண் தோளைத் தொட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி ஜன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொல்லுங்க. குளிருது."

குணவதி மடியைப் பார்த்தபடியே, "சாத்துங்க" என்றாள். கண்ணாடி நகரும் சத்தம் கேட்கும்வரை அவள் தலை நிமிரவில்லை.