செம்பருத்திக்கு மினரல் வாட்டர்

ரேணுகாம்பாள் பாட்டில் மூடியைத் திருகி, மினரல் வாட்டரை மளமளவென்று செம்பருத்தித் தொட்டியில் ஊற்றினாள். வெயிலில் நடந்து வந்ததில் நாக்கு வறண்டு கிடந்தும், தான் ஒரு வாய் குடிக்கவில்லை.

"கட்டின புருஷனுக்கு போர் தண்ணி, செடிக்கு மினரல் வாட்டரா? நடத்து, நடத்து" என்றார் கோதண்டபாணி.

போர் தண்ணீர் ஒரே உப்பு, இலையெல்லாம் ஓரம் கருகுகிறது என்றாள் அவள். பாட்டில் தண்ணீரில் இருக்கிற சத்தையெல்லாம் வடிகட்டிவிடுகிறான், செடிக்கு அது எதற்கும் ஆகாது என்றார் அவர். எதிர்வீட்டு ஏலவார்குழலி இருவருக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டு, தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும்போது ஓரிக்கை வரை போவானேன் என்று கேட்டு வைத்தாள்.

ரேணுகாம்பாள் சட்டென்று வீட்டுக்காரர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை, கோதண்டபாணி பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஓரிக்கையில் தண்ணீர்க் கடை வைத்திருப்பது அவர்கள் பிள்ளை வேல்முருகன். அவன் சொல்லாமல் கொள்ளாமல் ஜீவிதாவைக் கட்டிக்கொண்ட கோபத்தில், கோதண்டபாணி கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார். இனி அவன் வீட்டு வாசற்படியை யாரும் மிதிக்கக் கூடாது, அவன் கையால் பச்சைத் தண்ணீர்கூட இந்த வீட்டில் யார் தொண்டையிலும் இறங்கக் கூடாது என்று.

சாமி சத்தியத்தை மீற அவளுக்குத் துணிச்சல் இல்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கடையில் நின்று தண்ணீர் வாங்குவது வாசற்படி மிதிப்பதாகுமா? செடிக்குத்தான் ஏது தொண்டை? காமாட்சியம்மனே நேரில் வந்து கேட்டாலும் அவளிடம் பதில் தயாராக இருந்தது.

இப்போது ஜீவிதா முழுகாமல் இருந்தாள். வாயில் வைத்ததெல்லாம் வாந்தி என்று வேல்முருகன் சொன்னதிலிருந்து ரேணுகாம்பாளுக்கும் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவும் பயம். தெரிந்தால் ஓரிக்கைப் பக்கமே போக விடமாட்டார்.

அந்த நேரம் பார்த்துப் புயல் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டியதில் தொட்டி நிரம்பி வழிந்தது. இந்த மழையில் செடிக்குத் தண்ணீர் வாங்கப் போகிறேன் என்றால் ஊரே சிரிக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

கோதண்டபாணி வந்து செம்பருத்தியை எட்டிப் பார்த்தார்.

"செடி வாடிப்போய் இருக்குது பாரு."

"மழை கொட்டிக்கினு இருக்குதேங்க..."

"மழைத் தண்ணி அதுக்குச் சேராது. போய் ரெண்டு பாட்டில் வாங்கிக்கினு வா."

குடையையும் அவரே எடுத்து நீட்டினார். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, கிடைத்தது லாபம் என்று அவள் படியிறங்கினாள். பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"அப்பிடியே, மருமவளுக்கு வாந்தி நின்னுச்சான்னு கேட்டுக்கினு வா."