அந்தப் பழைய ஆள்

விபத்தில் தலையில் அடிபட்ட கணவனுக்குப் பழசெல்லாம் மறந்துபோயிருந்தது.

“பழைய போட்டோவைக் காட்டுங்க, பழைய கதை பேசுங்க. ஞாபகம் திரும்ப வாய்ப்பிருக்கு,” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஆல்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஒரு வாரம் கழித்து, அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: “நான் எப்படிப்பட்டவன்?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்று தட்டை வாங்கக் கை நீட்டினாள்.

முழங்கைத் தழும்பைப் பார்த்துவிட்டான். “இது தானாப் பட்ட சூடு இல்லையே! எவன் வெச்சான்? சொல்லு, அவனைச் சும்மா விடமாட்டேன்!”

அன்று சூடு வைத்த அதே கை, இப்போது தழும்பை மெல்லத் தடவியது.

“அவன் செத்துட்டான்.”

“நிச்சயமா?”

அவள் அவன் கண்களையே பார்த்தாள்.

“அதைத்தாங்க தினமும் பார்த்துக்கிட்டிருக்கேன்.”